பின்னால் நின்று பார்க்க ஓர் ஆள்

ஜீப்பில் மற்ற விளக்கையெல்லாம் ஒற்றை ஆளாகப் பார்த்துவிடலாம். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு இறங்கி முன்னால் போய் நின்று பார்க்கலாம். இண்டிகேட்டரைத் தட்டிவிட்டு வண்டியை ஒரு சுற்று சுற்றி வரலாம், அது பாட்டுக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். பிரேக் லைட் அப்படியில்லை. உள்ளே ஒருவர் உட்கார்ந்து மிதிக்க வேண்டும், பின்னால் ஒருவர் நின்று பார்க்க வேண்டும். காலை எடுத்தால் அணைந்துபோகும். முப்பது வருசத்துக்கு மேல் எங்கள் வீட்டில் மிதிக்கிற ஆள் எங்க வீட்டுக்காரர், பார்க்கிற ஆள் நான். அவர் போய் மூன்று வருசம் ஆகிறது.

எங்கள் தோட்டம் சூலூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. பஸ் நிற்கிற இடத்துக்கு நாலு கிலோமீட்டர். மழை பெய்தால் மண் தடத்தில் கார் புதைந்துவிடும். ஜீப்புக்கு நாலு சக்கரமும் இழுக்கும் என்பதால் அது ஏறி வந்துவிடும். மகன் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது வாங்கிய வண்டி. இப்போது அவனுக்கே காதோரம் நரைத்துவிட்டது, பெண்டாட்டி, மகளோடு பெங்களூரில் இருக்கிறான், கம்ப்யூட்டர் வேலை. வீட்டுக்காரருக்குச் சர்க்கரையில் கண் மங்கியபோது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆள் இல்லாமல், ஐம்பத்தெட்டு வயசில் நான் ஜீப் ஓட்டக் கற்றுக்கொண்டேன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனவள் நான். லைசென்ஸ் எடுக்கப் போன அன்று கையெழுத்துப் போடும்போது பேனா இரண்டு தடவை வழுக்கியது. ஸ்டியரிங் ஒரு தடவைகூட வழுக்கவில்லை.

இந்த வருசம் ஜீப்புக்கு ஆர்.சி. புதுப்பிக்க வேண்டியிருந்தது. பழைய வண்டி என்பதால் ஐந்து வருசத்துக்கு ஒருமுறை ஆர்.டி.ஓ. ஆபீஸில் பிரேக் இன்ஸ்பெக்டரிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் அந்தப் பேச்சை எடுத்தான்.

"இந்தத் தடவை புதுப்பிக்க வேண்டாங்கம்மா. பழைய இரும்புக்குப் போட்டுட்டு இங்க வந்துருங்க. உங்களுக்குன்னு ஒரு ரூமு சும்மாதான் கெடக்குது."

"இருக்கட்டும் கண்ணு. வண்டி நல்லாத்தான ஓடுது."

"ஓடுதுன்னு நீங்க சொல்றீங்க. இன்ஸ்பெக்டர் சொல்லோணுமில்லீங்களா? வண்டி இல்லாம அந்தக் காட்டுக்குள்ள ஒத்தையில எப்படி இருப்பீங்க?"

எதிர்த்துப் பேச எனக்கு எப்போதும் வந்ததில்லை, பெற்ற மகனிடமும் வராது. அவனே மறுபடியும் சொன்னான்.

"சரி, ஒண்ணு பண்ணலாங்க. நீங்களே கொண்டுபோய்க் காட்டுங்க. பாஸ் ஆச்சுன்னா அஞ்சு வருசத்துக்கு நான் வாயத் தொறக்க மாட்டேன். ஆவலைன்னா நான் கார எடுத்துட்டு வாரேன், மறுபேச்சுப் பேசாம ஏறோணும்."

"சரி கண்ணு" என்றேன்.

அங்கிருந்தே கம்ப்யூட்டரில் ஃபாரத்தைப் போட்டு, வண்டியைக் காட்ட வேண்டிய நாளும் வாங்கி அனுப்பிவிட்டான். எனக்குப் பத்து நாள் இருந்தது.

சூலூர் மெக்கானிக்கிடம் விட்டேன். அவர் இன்ஜின், பிரேக், டயர் எல்லாம் பார்த்துக் கொடுத்தார். "சுத்தியும் இருக்கற லைட்ட மட்டும் ஊட்டுல ஒருக்காப் பாத்துருங்கம்மா. நம்ம எலக்ட்ரீசியன் ஊருக்குப் போயிருக்கான், வர்றதுக்கு எத்தன நாளாகுமோ தெரியாது. இன்ஸ்பெக்டரு மொதல்ல லைட்டத்தான் பாப்பாரு" என்றார். "பாத்துக்கறேனுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த நாள் காலையில் வாசல் தெளித்த கையோடு பார்க்க ஆரம்பித்தேன். ஹெட்லைட் இரண்டும் எரிந்தன. டிம் அடித்தால் ஒரு பக்கம் மட்டும் மங்கலாக இருந்தது, கண்ணாடியைத் துணி போட்டுத் துடைத்ததும் சரியாகிவிட்டது, எல்லாம் தடத்துப் புழுதி. வலது பக்க இண்டிகேட்டரைப் போட்டால் டக்டக்கென்று வேகமாக அடித்தது. அப்படி அவசரமாக அடித்தால் அந்தப் பக்கம் ஒரு பல்பு போய்விட்டது என்று அர்த்தம். வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். முன்னால் போய்ப் பார்த்தேன், எரியவில்லை. மூடியைக் கழற்றி, பல்பை உள்ளே அமுக்கித் திருப்பி எடுத்தேன். உள்ளே கம்பி அறுந்து தொங்கிக்கொண்டிருந்தது. அவர் பழைய தகர டப்பாவில் போட்டு வைத்திருந்த பல்புகளில் அதே மாதிரி ஒன்று கிடைத்தது. போட்டேன், எரிந்தது. நம்பர் பிளேட்டுக்கு மேலே இருக்கிற சின்ன விளக்குக்குப் புது பல்பே வேண்டியிருக்கவில்லை. பழைய பல்பின் காலில்தான் துரு பிடித்திருந்தது, உப்புத்தாளில் இரண்டு தேய் தேய்த்ததும் எரிந்துவிட்டது. ரிவர்ஸ் லைட்டுக்கு இன்ஜினை அணைத்துச் சாவியை மட்டும் திருப்பி, பின் கியரைப் போட்டுவிட்டு இறங்கிப் பார்த்தேன், எரிந்தது.

கடைசியாகப் பிரேக் லைட்டுக்கு வந்து நின்றேன்.

அதை வீட்டுக்காரர் எப்படிப் பார்ப்பார் என்று சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் காபி குடித்ததும் "அம்மணி, சித்த வா" என்பார். அதற்குமேல் ஒரு வார்த்தை வராது. அவர் அதிகம் பேசுகிற ஆள் இல்லை, நானும் இல்லை. வண்டிக் கொட்டகையில் ஜீப்பை எப்போதும் பின்னாலேயே தள்ளி நிறுத்துவார், நான் நிற்கிற அளவுக்குச் சுவரை ஒட்டி இடம் விட்டு. நான் அந்தச் சந்தில் போய் நிற்பேன். கொட்டகைக்கு எதிரே வாசலில் கட்டில் போட்டு என் மாமனார் உட்கார்ந்திருப்பார். அவர் காதில் விழ மருமகள் சத்தம் போட்டுப் பேசுகிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. அதனால் எரிந்தால் பின்கதவில் கையால் ஒரு தட்டுத் தட்டுவேன். எரியாவிட்டால் தட்டமாட்டேன். மாமனார் காலமான பிறகும் நாங்கள் அதை மாற்றவில்லை. வாய்விட்டு "எரியுதுங்க" என்று சொல்ல எனக்கு ஏனோ கூச்சமாக இருந்தது.

ஒருமுறை விருந்தாளிகள் வாசலில் நின்றுகொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சீக்கிரம் உள்ளே போனால் போதும் என்றிருந்தது. இடது பக்கம் எரிந்ததா இல்லையா என்று சரியாகப் பார்க்காமலே தட்டிவிட்டு ஓடிவிட்டேன். அன்று ஈரோட்டுக்கு மஞ்சள் ஏற்றிக்கொண்டு போனவரை வழியில் போலீஸ்காரர் நிறுத்திவிட்டார். திரும்பி வந்து சாப்பிட உட்கார்ந்தவர், இரண்டாம் தடவை சோறு போடும்போதுதான் வாயைத் திறந்தார்.

"அம்மணி, இனிமே பாத்துட்டுத் தட்டு."

அவ்வளவுதான். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

இப்போது பின்னால் நிற்க யாரைக் கூப்பிடுவது? பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் டவுனுக்குக் குடிபோய் நாளாகிவிட்டது, கேட்டில் பூட்டுத் தொங்குகிறது. அந்தப் பக்கம் தறி ஓடுகிற ஷெட், உள்ளே கூப்பிட்டால் யாருக்கும் காது கேட்காது. பால்காரர் தினமும் ஆறரைக்கு பைக்கில் வருவார். அடுத்த நாள் அவர் பால் ஊற்றிவிட்டுக் கிளம்பும்போது, "ஏனுங்க" என்று கூப்பிட்டுவிட்டேன்.

"என்னங்கம்மா?" என்று காலை ஊன்றி நின்றார். பைக் இன்ஜினை அவர் அணைக்கவில்லை.

ஒரு நிமிசம் பின்னால் நின்று பாருங்கள் என்று சொல்ல வேண்டியதுதான். வாயில் வரவில்லை. "நாளைக்குக் கால்படி சேத்தி ஊத்துங்க" என்றேன்.

"விருந்தாளி வாராங்களாட்ட இருக்குதுங்க!"

"ஆமாங்க" என்றேன். யாரும் வரவில்லை. அந்தப் பாலை உறை ஊற்றி இரண்டு நாள் மோராகக் குடித்தேன்.

பால்காரர் போனதும் என்மேலேயே கோபமாக வந்தது. ஜீப்பில் ஏறி உட்கார்ந்து பிரேக்கை ஓங்கி மிதித்தேன், விளக்குப் பார்க்க இல்லை, சும்மா. தலையை நிமிர்த்தினால் எதிரே கண்ணாடி. அவரைப் போலவே நானும் பின்னால் தள்ளித்தான் நிறுத்துகிறேன், கண்ணாடியில் பின்சுவர் தெரிந்தது. சுண்ணாம்பு அடித்த சுவர். அதில் வலது பக்கமாக ஒரு வட்டம் சிவப்பாக விழுந்திருந்தது. காலை எடுத்தேன், போய்விட்டது. மிதித்தேன், வந்தது. கொட்டகைக்குள் வெயில் வராது, பகலிலும் இருட்டுத்தான், அதனால் பளிச்சென்று தெரிந்தது. இடது பக்கம் சுவர் வெள்ளையாகவே இருந்தது. அந்தப் பக்கத்து பல்பு போய்விட்டது.

ஒற்றை ஆளாகவே பார்த்துவிடலாம் போலிருக்கிறதே என்று முதலில் சந்தோசம்தான் வந்தது. உடனே எழுந்து ஸ்குரூடிரைவரை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.

இடது பக்கத்துச் சிவப்பு மூடியைக் கழற்றி பல்பை எடுத்தேன். மற்ற பல்பில் ஒரு கம்பிதான் இருக்கும். இதில் இரண்டு. ராத்திரியில் சும்மா எரிவதற்கு ஒன்று, பிரேக் மிதித்தால் எரிவதற்கு ஒன்று. சும்மா எரிகிற கம்பி நன்றாக இருந்தது, பிரேக் கம்பி அறுந்திருந்தது. டப்பாவில் தேடினேன், இரட்டைக் கம்பி பல்பு ஒன்றுகூட இல்லை. அறுந்ததை ஒரு துண்டுக் காகிதத்தில் சுற்றி, ஜாக்கெட்டுக்குள் இருந்த பர்ஸில் வைத்துக்கொண்டு சூலூருக்குப் போனேன்.

சாமான் கடையில் கூட்டம். எல்லாம் ஆம்பிளைகள், லாரிக்காரர், டிராக்டர்காரர், தறி மோட்டாருக்குப் பெல்ட் வாங்க வந்தவர். நான் ஓரமாக நின்றேன். ஒருவர் வந்தால், "நீங்க வாங்கிக்கங்க" என்பேன். அடுத்தவர் வந்தால் அவருக்கும் அதையே சொல்வேன். வெயில் தலைக்கு மேலே ஏறிவிட்டது. கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்கம்மா, ஆருக்கோசரம் நிக்கறீங்க?"

"ஒரு பல்புங்க."

"அட! பல்புக்கா இத்தன நேரம்? நான் நீங்க பஸ்ஸுக்கு நெழலுல நிக்கறீங்கன்னு நெனச்சுட்டேன் போங்க."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் காகிதத்தைப் பிரித்து நீட்டினேன். கடைக்காரர் போனில் பேசிக்கொண்டே அதைப் பார்த்துவிட்டு, பின்னால் கையை விட்டு ஒரு பெட்டியை எடுத்து ஒரு பல்பைக் கொடுத்தார். வாங்கி வெளிச்சத்தில் பார்த்தேன். உள்ளே ஒற்றைக் கம்பி.

அது வேறே பல்பு என்று அங்கேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அத்தனை பேர் முன்னால் ஒரு கடைக்காரரைப் பார்த்து நீங்கள் தவறாகக் கொடுத்துவிட்டீர்கள் என்று எப்படிச் சொல்வது? அவருக்கு மனசு சங்கடப்படாதா? காசைக் கொடுத்து, "வாரேனுங்க" என்று சொல்லிவிட்டு, எரியாது என்று தெரிந்த பல்பை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். வந்ததும் ஒருவேளை பொருந்திவிடுமோ என்று போட்டும் பார்த்தேன். அதன் அடியில் இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டிருக்கிற காது இரண்டும் சமமாக இருந்தது. நம் பல்பில் ஒன்று ஏறி, ஒன்று இறங்கி இருக்கும். உள்ளே போய் உட்காரவே இல்லை.

இன்ஸ்பெக்டரிடம் காட்ட நாலு நாள்தான் பாக்கி. அடுத்த நாள் கடை திறக்கும்போதே போய் நின்றுவிட்டேன். அப்படியும் எனக்கு முன்னால் இரண்டு பேர் இருந்தார்கள்.

"நேத்து நான் பல்பு தப்பா வாங்கிட்டுப் போயிட்டேனுங்க" என்றேன்.

கடைக்காரர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "நீங்க எங்கீங்க தப்பா வாங்குனீங்க? நாந்தான் ஒத்தக் கம்பியக் குடுத்துட்டேன். பாத்தவொடனே சொல்லியிருக்கலாமில்லீங்களா?"

"இல்லைங்க, நான்தான் சரியாச் சொல்லல."

"நீங்க வாயே தொறக்கலீங்களே அம்மா! நான் பண்ணுன தப்புங்க."

"அப்படியெல்லாம் இல்லைங்க."

பக்கத்தில் நின்ற லாரிக்காரர் சிரித்துவிட்டார். "ஏங்க, ஆளுக்குப் பாதித் தப்ப எடுத்துக்கங்க. எனக்கு ஒரு ஃபேன் பெல்ட்டக் குடுங்க, நான் போறேன்."

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். இந்தத் தடவை இரட்டைக் கம்பி பல்பு கிடைத்தது. உட்காருகிற குழியைச் சுரண்டிவிட்டுப் போடுங்கள், இல்லாவிட்டால் இதுவும் எரியாது என்று கடைக்காரர் சொல்லி அனுப்பினார்.

சுரண்டினேன். பச்சையாகத் துரு உதிர்ந்தது. உப்புத்தாளைச் சுருட்டி உள்ளே விட்டுத் தேய்த்தேன். விரல் நுனி எரிந்தது. ஏறின காது எந்தப் பக்கம், இறங்கின காது எந்தப் பக்கம் என்று கண்ணுக்குச் சரியாகத் தெரியாமல், தடவித் தடவிப் பார்த்துப் போட்டேன். அமுக்கித் திருப்பியதும் 'கடக்' என்று உட்கார்ந்தது. மூடியை மாட்டிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்து மிதித்தேன். கண்ணாடியில் பார்த்தால் சுவரில் இரண்டு சிவப்பு வட்டம்.

அப்போதுதான் எனக்கு அந்த நினைப்பு வந்தது. வீட்டுக்காரர் வருசக்கணக்கில் இதே இடத்தில் உட்கார்ந்திருந்தவர். கண்ணாடியைப் பார்க்காமல் பின்னால் தள்ளி நிறுத்தத் தெரியாது அவருக்கு. சுவரில் சிவப்பு விழுவது அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? நான் அந்தச் சந்தில் போய் நிற்காமல் இருந்திருந்தாலே அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். என் முதுகுதான் சுவரை மறைத்துக்கொண்டிருந்தது. ஆனாலும் ஒவ்வொரு ஞாயிறும் கூப்பிட்டார். மாமனார், மாமியார், கொழுந்தனார், ஆள்காரர்கள் என்று நிறைந்த வீட்டில், வேலை இல்லாமல் என்னை அவர் கூப்பிட முடியாது. விளக்குப் பார்ப்பது வேலை. யாரும் ஒன்றும் சொல்ல முடியாது.

இதை அவரிடம் கேட்க முடியாது. கேட்டிருந்தாலும் பதில் சொல்லியிருக்க மாட்டார். எவ்வளவு நேரம் காலை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. பாட்டரி இறங்கிவிடுமே என்று எண்ணம் வந்ததும் எடுத்தேன்.

காட்ட வேண்டிய நாளில் காலை எட்டு மணிக்கே ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்தில் கொண்டுபோய் வரிசையில் நிறுத்தினேன். லாரியும் வேனும் ஸ்கூல் பஸ்ஸும் நின்றன. ஃபாரம் எழுதிக்கொடுக்கிற ஓர் ஆள் வந்து ஜன்னலில் எட்டிப் பார்த்தார்.

"டிரைவரு எங்கீங்கம்மா? டீ குடிக்கப் போயிட்டாரா?"

"நாந்தானுங்க."

"என்னது?"

"நாந்தானுங்க ஓட்டிட்டு வந்தேன்."

"அட சாமி!" என்று இரண்டு எட்டுப் பின்னால் வைத்தார். "ஏப்பா, அந்த மினி ஆட்டோவக் கொஞ்சம் தள்ளி நிறுத்து. அம்மா ஜீப்பு எடுக்கப்போறாங்க."

எனக்கு முகம் சுட்டது. முன்னால் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

இன்ஸ்பெக்டர் என் மகன் வயசுதான் இருப்பார். முதலில் வண்டிக்கு அடியில் குனிந்து சேஸிஸ் நம்பரைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார், பிறகு முன்னால் நின்றார். "லைட்டு போடுங்க. டிம்மு. பிரைட்டு. லெஃப்டு... ரைட்டு." சொன்னதையெல்லாம் செய்தேன். அவர் நடந்து வண்டிக்குப் பின்னால் போனார். அங்கே சுவர் இல்லை, வெயில் கொட்டுகிற வெறும் மைதானம். கண்ணாடியில் அவர் தொப்பி மட்டும் தெரிந்தது.

"பிரேக்க மிதிங்க."

மிதித்தேன். கண்ணாடியில் தொப்பி இடமும் வலமுமாகத் திரும்பியது.

"எரியுது" என்றார்.

எத்தனையோ வண்டிக்குச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன குரல். நான் மிதித்த காலை எடுக்கவில்லை.

"அம்மா, பாத்தாச்சு. காலை எடுங்க."

எடுத்தேன்.

ஜன்னலுக்கு வந்து, "ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம் ஜாஸ்தியா இருக்குது. புதுசா மாத்துனீங்களா? ஆரு மாத்துனது?" என்றார்.

"நாந்தானுங்க."

என்னை ஒருமுறை பார்த்தார். "மாத்தும்போது ரெண்டு பக்கமும் சேத்து மாத்தோணும்" என்று சொல்லிவிட்டுக் காகிதத்தில் எழுதினார். "மாத்திப்போடறேனுங்க" என்றேன். பாஸ் ஆகிவிட்டது.

வண்டியை ஓரமாக நிறுத்தி மகனைக் கூப்பிட்டேன். நானாக அவனைக் கூப்பிடுவது அபூர்வம், பயந்துபோய் எடுத்தான்.

"என்னங்கம்மா, என்னாச்சு?"

"பாஸ் ஆயிருச்சு கண்ணு."

"பாஸா? எல்லாமேவுங்களா?"

"எல்லாமே."

சிரித்தான். "பரவால்லீங்க அம்மா, ஜெயிச்சுட்டீங்க. சொன்னாச் சொன்னதுதான், நான் இனி அந்தப் பேச்சே எடுக்கல. நீங்க அங்கயே இருங்க." பின்னால் யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். "அம்மா, அப்ப அந்த ரூமுல பாப்பாவுக்கு டேபிளப் போட்டர்லாங்களா? படிக்க எடமில்லைன்னு கேட்டுட்டே இருக்கறா. நீங்க வருவீங்கன்னுதான் போடாம வெச்சிருந்தோம்."

"போட்டுக் குடு கண்ணு. படிக்கற புள்ள."

"சரிங்கம்மா, மீட்டிங்கு இருக்குது. பொழுதோட கூப்புடறேன்."

போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பத்து நாளாக நான் அலைந்தது இதற்குத்தானே? அங்கே போய் இருக்க எனக்கு விருப்பம் இல்லை, இப்போதும் இல்லை. ஆனால், பாஸ் ஆனாலும் பரவாயில்லை வாங்கம்மா என்று அவன் ஒரு தடவை சொல்லுவான் என்று எண்ணியிருந்தேன். அப்படிச் சொன்னால் என்ன சொல்லித் தட்டிக்கழிப்பது என்று காலையில் வருகிற வழியெல்லாம் யோசித்து, நல்லதாக ஒரு பதிலும் கட்டி வைத்திருந்தேன். அவன் கேட்கவில்லை. அவன்மேல் தப்பில்லை. நான் வேண்டாம் என்று சொன்னதை அவன் நம்பிவிட்டான்.

பின்னால் ஒரு லாரி ஆரன் அடித்தது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, "ஏனுங்கம்மா, வேல முடிஞ்சுதுன்னாக் கொஞ்சம் எடுங்க, நாங்களும் போவோணும்" என்றார்.

"எடுத்துட்டேனுங்க, எடுத்துட்டேனுங்க" என்று சொல்லிக்கொண்டே கியரைப் போட்டேன்.